சால்மன் தலையும் புளியும்

கோடியாக் தீவுக்குச் சாலை கிடையாது. ஆங்கரேஜிலிருந்து ஒரு மணி நேரம் விமானத்தில் பறக்கலாம். இல்லையென்றால் ஹோமர் துறைமுகத்தில் கப்பலேறி, அலாஸ்கா வளைகுடாவின் அலைகளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆடியபடி போய்ச் சேரலாம். நான் கப்பலில் போனேன். கோடைகாலம்தான், ஆனாலும் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்க முடியாத குளிர். துறைமுகத்தின் விளக்குக் கம்பங்களில் வெண்தலைக் கழுகுகள் உட்கார்ந்து, மீன் ஆலைகளின் கழிவு எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தன. இந்தத் தீவுக்கூட்டத்தில் சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. உலகின் மிகப் பெரிய பழுப்புக் கரடிகள் அவை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அவற்றைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் வந்தது அதற்குத்தான். இப்போது எழுத உட்கார்ந்தால், கரடிக்கு முன்னால் ஒரு மளிகைக்கடைதான் வந்து நிற்கிறது.

பிலிப்பினோ கடை அது. வாசலில் பெரிய பலகையெல்லாம் இல்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் அரிசி மூட்டைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. அதற்கடுத்த வரிசையில் தாத்து புத்தி காடி, சில்வர் ஸ்வான் சோயா சாறு, மங் தோமாஸ் குழம்புக் குப்பிகள், ஸ்கைஃப்ளேக்ஸ் பிஸ்கட் டின்கள். வாழைப்பழத்தில் செய்த சிவப்புக் கெச்சப் கூட இருந்தது. தக்காளியை வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டியிருந்த காலத்தில், மரியா ஒரோசா என்ற வேதியியலாளர் உள்ளூர் வாழைப்பழத்தை வைத்து உருவாக்கியது அது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பி, உள்ளூர் விளைச்சலைக் கெடாமல் காப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர். 1945 பிப்ரவரியில் மணிலாவில் நடந்த போரில் குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். அந்தக் குப்பியைக் கையில் எடுத்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

கடையின் பின்சுவரை ஒட்டி உறைபெட்டிகள். அவற்றில் ஒன்றின் கதவைத் திறந்தேன். பனி பூத்த பிளாஸ்டிக் பைகளில் முருங்கைக்கீரை! பக்கத்திலேயே பாகற்காய், காராமணி, துருவிய தேங்காய், வாழையிலை, சேப்பங்கிழங்கு. மரமென்றால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ்தான் வளரும் தீவு இது. மணிலாவிலோ இலோகோஸிலோ பறித்த இலை பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்து, டக்கோமா துறைமுகத்தில் மறுபடி சரக்குக் கப்பலேறி வடக்கே வந்திருக்கிறது. புயல் வந்து கப்பல் தாமதமானால் கடையில் கீரை இருக்காது. வந்து கேட்பவர்களுக்கு முகம் வாடிவிடும் என்று கடைக்கார அம்மாள் சொன்னார்.

அவரை எல்லோரும் 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அக்கா என்ற பொருளில். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கல்லாவையும் அடுப்பையும் அவரே பார்த்துக்கொள்கிறார். கடையின் ஒரு மூலையில் நாலைந்து மேசைகள் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால், சூடு ஆறாமல் வெந்நீர்மேல் வைத்த எவர்சில்வர் தட்டங்களில் சமைத்த உணவு. பெயர் தெரியவேண்டியதில்லை, வேண்டியதை விரலால் சுட்டினால் தட்டில் விழும். காடியும் பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் போட்டு வேகவைத்த கோழி அடோபோ. பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காயை இறால் உப்பூறலில் வதக்கிய பினக்பெட். மெல்லிய சேமியாவில் பன்சித். கடைசியாக ஒரு ஆழமான பாத்திரம், மூடியிருந்தது. அதைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"சினிகாங். சால்மன் தலை. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இதுதான் வேண்டும். உட்காருங்கள், போடுகிறேன்" என்றார்.

கிண்ணத்தில் வந்தது தெளிந்த சாறு. நம்மூர்ப் புளிரசத்துக்கு அக்கா என்றே சொல்லலாம். ஆனால் பெருங்காயமும் தாளிப்பும் கிடையாது, காரமும் இல்லை. தக்காளியையும் வெங்காயத்தையும் கொதிக்கவிட்டு, கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும்படி சேப்பங்கிழங்கைப் போட்டு, முள்ளங்கியும் காராமணியும் வெந்ததும் புளி சேர்த்து, மீனைப் போட்டுச் சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறார்கள். ஒரு நீளப் பச்சைமிளகாய் முழுதாக மிதந்தது, வாசனைக்கு மட்டும். ஊரில் இளம் புளியங்காயை அவித்துப் பிழிவார்களாம். இங்கே பொட்டலப் புளிப்பொடிதான். அதோடு தனியாக வைத்திருக்கும் புளிக்கட்டியிலும் கொஞ்சம் கரைத்து ஊற்றுவதாக ஆத்தே சொன்னார். பொடி மட்டும் போட்டால் நாக்கின் நுனியில் புளிக்கும், கட்டியும் சேர்ந்தால்தான் தொண்டை வரை போகும் என்றார். அது உண்மை. முதல் மடக்கிலேயே தொண்டை வரை போனது.

பிறகு தலை. சால்மன் தலையில் இவ்வளவு சதை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. செவுளுக்கு முன்னால் கன்னத்தில் இரண்டு துண்டுகள், கழுத்தெலும்பை ஒட்டிக் கொழுப்போடு ஒரு துண்டு, மூக்கின் குருத்தெலும்பு கண்ணாடிபோல் வெந்து. உலகச் சந்தைக்குப் போவது சதைத் துண்டுகள்தான். தலைகளைப் பொருட்படுத்த வெகுகாலம் யாருமில்லை. அவற்றைச் சமைக்கத் தெரிந்தவர்கள் ஆலைக்குள்ளேயே கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள். கிண்ணத்தோடு ஒரு தட்டு வெள்ளைச் சோறும், சிறு கிண்ணியில் மீன்சாறும் நறுக்கிய மிளகாயும் வந்தன. மீன் துண்டை அதில் தொட்டுச் சோற்றோடு சாப்பிட வேண்டும். குளிரில் விறைத்திருந்த எனக்கு நெற்றி வியர்த்தது.

பக்கத்து மேசையில் ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு ஆண்கள். கோடியாக் நகரத்து மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிலிப்பினோக்கள். கடலோர ஆலைகளில் சால்மனும் காட் மீனும் பொல்லாக்கும் வகுந்து பெட்டியில் அடைப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இந்த உறவு நேற்றுத் தொடங்கியதல்ல. தீவின் கார்லுக் ஆற்று முகத்தில் முதல் டின்மீன் ஆலை 1882-இல் எழுந்தது. முதலில் சீனத் தொழிலாளர்கள், பிறகு ஜப்பானியர்கள். 1898-இல் பிலிப்பைன்ஸை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டதால், பிலிப்பினோக்களுக்கு அமெரிக்க மண்ணில் நுழையத் தடை இல்லாமல் போயிற்று. குடியுரிமை மட்டும் இல்லை. 1920-களிலும் 30-களிலும் இலோகோஸ் பகுதி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சியாட்டிலில் கப்பலேறி, கோடைதோறும் அலாஸ்கா ஆலைகளுக்கு வந்தார்கள். குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் வயல்களில் வேலை. அவர்களை 'மனோங்' என்பார்கள், அண்ணன் என்ற பொருளில். 1930-இல் சியாட்டிலில் வந்திறங்கிய எழுத்தாளர் கார்லோஸ் புலோசானும் அவர்களில் ஒருவராக ஆலையில் நின்றவர்.

அந்த அண்ணன்மார்களின் கதையை நான் படித்தபோது என்னை மிகவும் உறுத்தியது சாப்பாட்டு விஷயம்தான். ஆலைகளில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம், ஆசியர்களுக்கு வேறொன்று. ஆளைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரர் சோற்றிலும் காசு பார்த்தார். தட்டில் விழுந்தது மட்டமானது. கூலி, கங்காணிக் கொள்ளை, இந்தச் சாப்பாடு எல்லாவற்றையும் எதிர்த்து 1933-இல் சியாட்டிலில் சங்கம் கட்டினார்கள். 1936 டிசம்பரில் அதன் தலைவர் விர்ஜில் துயுங்கானும் செயலாளர் ஔரேலியோ சைமனும் ஒரு உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சங்கம் வந்த பிறகும் தனித்தனிக் கூடங்கள் 1970-கள் வரை தொடர்ந்தன. அடுத்த தலைமுறை இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் சில்மே தொமிங்கோவும் ஜீன் வியர்னெஸும் 1981 ஜூன் 1 அன்று சங்க அலுவலகத்துக்குள்ளேயே சுடப்பட்டார்கள். வழக்குகளில் ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தொழிலாளர்களுக்கு எதிராக முடிந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், அந்த ஆலைகளின் அமைப்பு தோட்ட முதலாளி முறையை நினைவூட்டுவதாகக் குறிப்பிட்டார். தேயிலைத் தோட்ட லயங்களின் கதை தெரிந்த நமக்கு அதற்கு விளக்கம் வேண்டாம்.

இதையெல்லாம் ஆத்தேயிடம் விரிவாகக் கேட்கவில்லை. அவருடைய மாமனார் காலத்துப் பேச்சு அது. கோடியாக்கில் பிலிப்பினோக் குடும்பங்கள் வேரூன்றியது பின்னால்தான். பருவத்துக்கு வந்து போவதாக இருந்த வேலை, ராஜநண்டு கொழித்த காலத்தில் ஆண்டு முழுவதற்குமானது. 1980-களின் தொடக்கத்தில் அந்த நண்டுப் பிடிப்பு மூடப்பட்டது. ஆனாலும் வந்தவர்கள் போகவில்லை, மற்ற மீன்களுக்கு மாறிக்கொண்டார்கள். மனைவி வந்தாள், மைத்துனர் வந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அரிசி மூட்டைக்கு ஒரு கடை வேண்டியிருந்தது. கடை வந்ததும், சமைக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு அடுப்பும் வேண்டியிருந்தது.

நான் உட்கார்ந்திருந்த நேரத்தில், கடலோரக் காவற்படைத் தொப்பியோடு ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்து அடோபோவைச் சுட்டிக்காட்டினார். அலுடீக் பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சினிகாங் கேட்டு, தலையின் கன்னத்துண்டு தனக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கினார். இந்தத் தீவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக சால்மனைத் தின்று வாழ்ந்த இனத்தவர் அவர். தலையின் அருமை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோருக்கும் இருந்தது அந்த நாலைந்து மேசைகள்தான். காவற்படை இளைஞர் இடமில்லாமல் மூதாட்டிக்கு எதிரே உட்கார்ந்தார், இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் மடித்து வைத்த அட்டைப்பெட்டிகள் சுவரோடு சாய்ந்திருந்தன. ஊருக்கு அனுப்பும் பாலிக்பாயான் பெட்டிகள். வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்களை ஊர்ப்பக்கம் வரவழைக்க 1973-இல் மார்கோஸ் அரசு கொண்டுவந்த திட்டத்திலிருந்து வளர்ந்த வழக்கம் இது. கடல்வழி போக இரண்டு மாதமாவது ஆகும், ஆனால் எடைக்குக் கட்டணமில்லை. பெட்டி கொள்ளும் மட்டும் அடைக்கலாம். அப்படி ஒரு பெண் தரையில் முழங்காலிட்டு அடைத்துக்கொண்டிருந்தார். துண்டு, சோப்பு, காப்பித்தூள், சாக்லேட், டின் மாட்டிறைச்சி. ஓரங்களில் இடம் மிஞ்சவிடாமல் சால்மன் டின்களைச் செருகினார். எந்த ஆலையில் வேலை என்று கேட்டேன். துறைமுகத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மாவுக்கு மீனைப் பார்த்தால் நம்பிக்கை வரும்" என்றார். "பணம் அனுப்பினால் செலவாகிவிடும். இதைத் திறந்து, சோற்றில் போட்டு, 'என் மகள் வேலை செய்கிற மீன்' என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பார்."

ஆத்தே ஒட்டும் பட்டையை இழுத்துக் கொடுக்க, நான் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே மூடவில்லை. கொஞ்சம் வெளியே எடுத்தாக வேண்டியிருந்தது, எதை எடுப்பது என்று இருவரும் அவர்கள் மொழியில் வெகுநேரம் வாதிட்டார்கள். கடைசியில் காப்பித்தூள் வெளியே வந்தது. மீன் உள்ளேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் போய்ச்சேர வேண்டுமானால் செப்டம்பர் முடிவதற்குள் அனுப்ப வேண்டும் என்று ஆத்தே நினைவூட்டினார். அந்தப் பெண் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, காப்பித்தூளை அடுத்த பெட்டிக்கு எடுத்துவைக்கச் சொல்லி, மடித்த அட்டைப்பெட்டி இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.