கியோட்டோ நகரத்துத் தேநீர்ச் சாலைகளும் கைவினைக் கடைகளும்

வெளிநாடு சென்று மீள்வோர் பெரும்பாலும் ஆங்குள்ள ஆலயங்களையும் அரண்மனைகளையும் பற்றியே எழுதுவர். அவை எழுதத் தக்கனவே என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு நகரத்தார் யாது உண்கின்றனர், எக்கலத்தில் பருகுகின்றனர், எப்பொருளை விலை கொடுத்து வாங்கிப் பேணுகின்றனர் என்பவற்றை அறிதற்கு அந்நகரத்துக் கடைவீதியினும் சிறந்த ஆசான் பிறிதில்லை. ஆதலின் யாம் கண்ட சில தேநீர்ச் சாலைகளையும் கைவினைக் கடைகளையும் பற்றி ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

இக்கல்லூரியில் ஒருங்கு பயின்ற நண்பர் மூவர் யாம், ஓர் இலையுதிர் காலத்தில் ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரத்தில் ஆறு நாள் தங்கினோம். எம்முள் ஒருவர் கணித ஆசிரியர். மற்றொருவர் ஜவுளி வியாபாரத்தில் ஈடுபட்டவர். எஞ்சியவர் இக்கட்டுரையை எழுதுபவர். கியோட்டோ 794-ஆம் ஆண்டில் தலைநகராக நிறுவப்பெற்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சக்கரவர்த்திகளின் இருக்கையாய் விளங்கிற்று. அரண்மனைக்கும் ஆலயங்களுக்கும் வேண்டிய பட்டு, மட்பாண்டம், காகிதம், விசிறி, தேயிலை முதலியவற்றை ஆக்கியளித்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆங்கு வாழ்ந்தன. 1560-ஆம் ஆண்டில் வாள் செய்யும் கொல்லராகத் தொழில் தொடங்கிய அரிட்சுகு மரபினர் இன்று நிஷிகி அங்காடியில் அடுக்களைக் கத்தி விற்கின்றனர். வாங்குவோர் பெயரைக் கத்தியின்மேற் பொறித்தும் தருகின்றனர். போர்க்களத்திற்குச் செய்த கை சமையலறைக்குச் செய்யலாயிற்று. தொழிலின் செம்மை மட்டும் மாறவில்லை.

இந்நகரத்துப் பழைய மர வீடுகளுக்கு 'மச்சியா' என்று பெயர். தெருவை நோக்கிய முகப்பு மிகக் குறுகியது. உள்ளே செல்லச் செல்ல நீண்டு கொண்டே போகும். அதனால் 'விலாங்கு மீனின் படுக்கை' என்று அவற்றை வேடிக்கையாக அழைப்பர். முன்பகுதி கடை, பின்பகுதி குடியிருப்பு, இடையே வெளிச்சமும் காற்றும் வரச் சிறு தோட்டம். நம் நாட்டு முற்றம் வைத்த வீடுகளில் வளர்ந்த எமக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை. இத்தகைய வீடுகள் 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 40,000 எஞ்சியிருந்தன. ஆண்டுதோறும் பல நூறு வீடுகள் இடிக்கப்படுகின்றன. நில விலை ஏற்றமும், வாரிசு வரியும், பிள்ளைகள் வேற்றூர் செல்வதும் அதற்குக் காரணங்கள். இடிபடாது நின்றவற்றுட் பல இன்று உணவுச் சாலைகளாகவும் கடைகளாகவும் மாறியுள்ளன.

முதல் நாள், 1717-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இப்போடோ என்னும் தேயிலைக் கடைக்குச் சென்றோம். அக்கடையை அடுத்த தேநீர்ச் சாலையில் பணியாளர் தேநீரைக் காய்ச்சிக் கொணர்ந்து வைப்பதில்லை. விருந்தினரே தம் கையால் ஆக்கிக்கொள்ளுமாறு பக்கத்தில் நின்று கற்பிக்கின்றனர். 'கியொகுரோ' என்னும் உயர்ந்த தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. நீரை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்திற்கு மாற்றி, அறுபது பாகை அளவிற்கு ஆறச் செய்து, இலைமேல் ஊற்றி, ஒன்றரை நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும். ஆற்றுதல் என்பது எம் ஊர்த் தேநீர்க் கடைக்காரருக்கும் கைவந்த கலையன்றோ! அவர் உயரத் தூக்கி ஆற்றுவர். இவர் ஓசையின்றி ஆற்றுகின்றனர். அவ்வளவே வேற்றுமை. இறுதித் துளி வரை வடித்துப் பருகியபோது, சில மிடறுகளுக்குள் இத்துணைச் சுவை அடங்குமோ என்று வியந்தோம்.

மறுநாட் கண்டது கைகாடோ என்னும் கடை. 1875-ஆம் ஆண்டு முதல் ஒரே குடும்பத்தார் தகரத்தாலும் செம்பாலும் பித்தளையாலும் தேயிலைச் சம்புடங்கள் செய்கின்றனர். ஒரு சம்புடம் நூற்றுக்கு மேற்பட்ட சிறு சிறு வேலைகளைக் கடந்து உருவாகின்றது. மூடியை வாயில் வைத்துக் கையை எடுத்துவிட்டால், அது தன் பாரத்தாலேயே மெல்ல இறங்கி, காற்றை வெளியேற்றித் தானே மூடிக்கொள்கின்றது. நாள்தோறும் கைபட்ட செம்பு நிறம் ஆழ்ந்து ஒளி பெறுகின்றது. 2016-ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் ஒரு காப்பிச் சாலையும் திறந்தனர். அஃது அமைந்துள்ள கட்டடம் முன்னாளில் நகர டிராம் வண்டிகளுக்குரிய அலுவலகம். டிராம் 1978-ஆம் ஆண்டில் நின்றது. கட்டடம் வேறு பயனால் உயிர் பெற்றது.

சம்புடத்தின் விலையைக் கேட்ட கணித நண்பர், "தேயிலை வைக்க ஒரு டப்பா போதாதா? இஃது அழகு என்னும் பெயரால் செல்வர் ஆடும் விளையாட்டு" என்றார். ஜவுளி நண்பர், "ஐயா, மலிவாக வாங்கிய டப்பாக்கள் எத்தனையை இதுவரை குப்பையில் எறிந்தீர்?" என்று வினவினார். பாட்டனார் வாங்கிய சம்புடத்தைப் பேரன் கொணரினும் அக்குடும்பத்தார் செப்பனிட்டுத் தருவர் என்று அறிந்தபின், கணித நண்பர் விலையை நூறாண்டின் நாட்களால் வகுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

புக்கோஜி என்னும் பௌத்த ஆலயத்தின் வளாகத்துள் ஒரு கைவினைக் கடையும் உணவுச் சாலையும் உள்ளன. நாகாவோகா கென்மெய் என்னும் வடிவமைப்பாளர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'டி அண்டு டிபார்ட்மெண்ட்' ஸ்தாபனத்தின் கிளை அது. ஒரு கலைக் கல்லூரியுடன் கூடி 2014-ஆம் ஆண்டில் ஆங்கு நிறுவப்பெற்றது. நெடுநாள் உழைக்கும் பொருளே நல்ல வடிவுடைய பொருள் என்பது அவர் கொள்கை. அவ்வட்டாரத்துத் துடைப்பம், கிண்ணம், சோயா ரசம் ஆகியவற்றை ஆங்கு விற்பனைக்கு வைத்துள்ளனர். கல்லூரியும் கடையும் கைகோத்து நிற்கும் இவ்வேற்பாடு மாணவர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

வேறொரு சிறு துணிக்கடையில், நெருங்கிய கோடுகளையுடைய பருத்தித் துணி ஒன்றை ஜவுளி நண்பர் கையிலெடுத்தார். அதன் பெயரைக் கேட்டபோது, கடைக்கார மூதாட்டியார் "சான்டோமே" என்றார். எம் காதுகளை எம்மாலேயே நம்ப இயலவில்லை. சென்னையில் மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்னும் பெயரே அது! போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசென்ற கோட்டுத் துணிக்கு ஜப்பானியர் அத்துறையின் பெயரையே இட்டனர். பின்னர்த் தாமும் அவ்வாறே நெய்யலாயினர். நம் கரையில் எழுதிய வண்ணத் துணித் துண்டுகளைத் தேநீர் விழாப் பெரியோர் தம் தேயிலைக் கலங்களுக்கு உறையாகத் தைத்துப் போற்றினர். நெய்த கைகளின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. ஊரின் பெயர் மட்டும் அயல்நாட்டு மூதாட்டியார் நாவில் வாழ்கின்றது.

யாம் தங்கிய விடுதியும் ஒரு மச்சியாவே. உரிமையாளர் எண்பது வயதை அணுகிய முதியவர். அவர் புதல்வர் ஒசாகாவில் உத்தியோகம் பார்ப்பவர். வீட்டை இடித்து நிலத்தை விற்பதா, காப்பிச் சாலை நடத்த முன்வந்த ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விடுவதா என்று அவர் கலங்கியிருந்தார். "நீங்களாயின் யாது செய்வீர்கள்?" என்று ஒரு மாலை எம்மையே கேட்டார். "வாடகைக்கு விடுங்கள், வீடாவது நிற்கும்" என்றோம். அவர் தலையசைத்து, "வீடு நிற்கும், தெரு நிற்குமா?" என்றார். ஜியோன் பகுதியார் 2024-ஆம் ஆண்டில் தம் தனிச் சந்துகளுள் பயணிகள் புகுதலைத் தடுத்து, மீறுவோர்க்கு 10,000 யென் அபராதம் என்று அறிவித்ததை நினைவூட்டினார். 2020-ஆம் ஆண்டு முதல் ஈராண்டுக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் வாராதபோது, தம் தெருவில் வழிப்போக்கரையே நம்பிய கடைகள் மூடப்பட்டதையும், அண்டை வீட்டார் வந்து வாங்கும் தேயிலைக் கடை மட்டும் விளக்கேற்றியதையும் கூறினார். அவர் கூறியதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை.

யாம் புறப்படும் முன்னாளில் அவர் தம் முடிவைத் தெரிவித்தார். மட்பாண்டம் வனையும் இளந்தம்பதியர்க்குக் குறைந்த வாடகையில் வீட்டை விடப்போவதாகவும், முன்பகுதியில் கடை வைத்துப் பின்பகுதியில் அவர்களே குடியிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை என்றும் உரைத்தார். கம்பெனி கொடுக்க முன்வந்ததில் பாதியே கிடைக்கும் என்றபோதும் அவர் முகத்தில் வருத்தம் காணப்படவில்லை.

அழகிய கடை என்பது பொருள்களை அழகாக அடுக்கி வைத்த இடமன்று. செய்வோரும் விற்போரும் வாங்குவோரும் ஒருவரையொருவர் அறிந்து வாழும் இடமே என்பதை அம்முதியவரிடம் கற்றோம். நம் ஊர்களிலும் பித்தளை வார்ப்போரும் பாய் முடைவோரும் தறி நெய்வோரும் இன்னும் உளர். அவர்தம் தெருவிற்கு நாம் கடைசியாகச் சென்றது எப்பொழுது?