ஒன்பது மணிக்குத் தோற்ற ஆட்டம்

2024 மார்ச் 4 அன்று, மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தின் கிரிக்கெட் மைதானத்தில், ரஞ்சிக் கோப்பை அரையிறுதி மூன்றே நாளில் முடிந்தது. மும்பையிடம் தமிழ்நாடு ஓர் இன்னிங்ஸ், 70 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. மித்தி ஆற்றின் ஒரு கரையில் தாராவி, மறுகரையில் இவ்வளாகம். தமிழ்நாட்டு அணி இதைவிடத் தமிழுக்கு நெருக்கமான இடத்தில், இதைவிடப் படுதோல்வி அடைந்திருக்க முடியாது.

ஆட்டம் முடிந்தபின் தமிழ்நாட்டு அணியின் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்ணி செய்தியாளர்களிடம் பேசினார். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம் என்றார். ஒன்பது மணி என்பது நாணயம் சுண்டும் நேரம். தமிழ்நாட்டின் தலைவர் சாய் கிஷோர் அதில் வென்று, முதலில் மட்டை பிடிக்க முடிவு செய்திருந்தார். தாம் மும்பைக்காரர் என்பதால் ஆடுகளத்தின் இயல்பு தமக்குத் தெரியும், பந்துவீச்சைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், ஆனால் தலைவரின் உள்ளுணர்வு வேறாக இருந்தது, தம்மால் கருத்து மட்டுமே சொல்ல முடியும், முடிவெடுப்பவர் தலைவரே என்று குல்கர்ணி விளக்கினார்.

ஆடுகளத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். புல் நிறைந்த பரப்பு, காலை நேரம், எதிரே ஷர்துல் தாக்குரும் துஷார் தேஷ்பாண்டேயும். முதல் ஓவரிலேயே சாய் சுதர்சன் ரன் ஏதும் எடுக்காமல் வெளியேறினார். 42 ரன்களுக்குள் ஐந்து விக்கெட்டுகள் சரிந்தன. விஜய் சங்கரும் வாஷிங்டன் சுந்தரும் நாற்பதுகளில் எடுத்த ரன்களால் ஸ்கோர் 146 வரை சென்றது. மும்பை அணிக்கு முன்பு விக்கெட் காப்பாளராக ஆடி, பின்பு 2012-13இல் அவ்வணி கோப்பை வென்றபோது பயிற்சியாளராகவும் இருந்தவரின் சொல்லுக்குக் கூடுதல் எடை இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதில் தவறில்லை. மறுபுறம், அப்பருவம் முழுவதும் சுழற்பந்தை நம்பி வென்று வந்த அணிக்கு, ஆடுகளம் தேய்ந்த பின் கடைசி இன்னிங்ஸில் பந்துவீசும் ஆசை இருந்திருந்தால் அதுவும் இயல்பே.

ஆயினும் ஒன்பது மணிக்கு ஆட்டம் தோற்கவில்லை. இரண்டாம் நாள் மும்பை 106 ரன்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து நின்றது. புல் தரையிலும் இடக்கைச் சுழலால் அவ்விக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தவர், முடிவில் 99 ரன்களுக்கு ஆறு விக்கெட்டுகள் எடுத்தவர், யார் மேல் பழி விழுந்ததோ அதே சாய் கிஷோர். அந்தக் கணத்தில் தமிழ்நாடு 40 ரன்கள் முன்னிலையில் இருந்தது. எடுக்க வேண்டியவை மூன்று விக்கெட்டுகள். நாணயச் சுழற்சியின் தீங்கு ஏறக்குறைய அழிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

பிறகு நடந்ததுதான் தோல்வி. எட்டாம் விக்கெட்டுக்கு ஹார்திக் தாமோரேயுடன் தாக்குர் சேர்த்தவை 105. ஒன்பதாம் விக்கெட்டுக்கு தாக்குர், தனுஷ் கோட்டியன் இணை 79. கடைசி விக்கெட்டுக்கு கோட்டியன், தேஷ்பாண்டே இணை 88. தாக்குர் 109 ரன்கள் எடுத்தார். முதல்தர ஆட்டத்தில் அதுவே அவருடைய முதல் சதம். கோட்டியன் 89 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். கடைசி மூன்று விக்கெட்டுகள் 272 ரன்களைச் சேர்த்தன. இது எதிர்பாராத விபத்தும் அன்று. சில நாட்களுக்கு முன்புதான், பரோடாவுக்கு எதிரான காலிறுதியில், பத்தாம், பதினோராம் இடங்களில் இறங்கிய இதே கோட்டியனும் தேஷ்பாண்டேயும் ஆளுக்கொரு சதம் அடித்து, கடைசி விக்கெட்டுக்கு 232 ரன்கள் சேர்த்திருந்தனர். அந்த வாலை எப்படி நறுக்குவது, களைத்த பந்துவீச்சாளர்களை எப்படிச் சுழற்றுவது என்பன பயிற்சியாளரின் மேசையில் வைக்கப்பட வேண்டிய கேள்விகள். ஒன்பது மணியைச் சுட்டிக்காட்டினால் அக்கேள்விகள் எழாமலேயே போய்விடுகின்றன.

மொழியியல் பயின்றோருக்கு இக்கூற்றில் மற்றொன்றும் புலப்படும். குல்கர்ணி பேசியது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் நாம், நாங்கள் என இரண்டு உண்டு. மராத்தியிலும் கேட்போரை உள்ளடக்க 'ஆபண்', விலக்க 'ஆம்ஹி' என இரண்டு உண்டு. வட இந்திய மொழிகள் பலவற்றில் இல்லாத இவ்வேறுபாட்டை மராத்தி திராவிடத் தொடர்பால் பெற்றது என்பது பலர் ஏற்கும் கருத்து. தமிழில் வினைமுற்று மட்டும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. 'தோற்றோம்' என்று எழுவாயின்றிச் சொன்னால் யாரெல்லாம் தோற்றார்கள் என்பது மறைந்தே இருக்கும். குல்கர்ணியின் பேச்சில் முதல் வாக்கியம் அத்தகைய 'தோற்றோம்'. அடுத்தடுத்த வாக்கியங்களில் அப்பன்மை பிளந்து, ஆடுகளம் அறிந்த 'நான்' ஒருபுறமும் முடிவெடுத்த 'அவர்' மறுபுறமும் நிற்கின்றனர். தோல்வியைப் பகிர்ந்த சொல், பொறுப்பைப் பகிரவில்லை. வாய்மொழித் தேர்வு அரங்கில், புறத்தேர்வாளர் முன்னிலையில், 'இந்த இயல் வேண்டாமென்று அப்போதே சொன்னேன்' என்னும் நெறியாளரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுவா என்பதுதான் கேள்வி.

கால்பந்தில் இத்தகைய இரண்டகம் குறைவு. யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்பதைப் பயிற்சியாளரே தீர்மானிக்கிறார், தோற்றால் அவரே போகிறார். கிரிக்கெட்டில் களத்து அதிகாரம் தலைவருடையது. பயிற்சியாளர் என்பவர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர். 1972-73 இறுதியாட்டத்தில் சேப்பாக்கத்துச் சுழல் களத்தில் வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தும், பத்மாகர் ஷிவல்கர் 16 ரன்களுக்கு எட்டு, 18 ரன்களுக்கு ஐந்து என விக்கெட்டுகளை அள்ள, தமிழ்நாடு 80, 61 என்று சுருண்டது. தனக்கென அமைந்த களமே தன்னை விழுங்கிய அத்தோல்வியின் சுமை தலைவர் வெங்கட்ராகவன் தோளில் இருந்தது. அக்காலத்தில் 'நான் அப்போதே சொன்னேன்' என்று சொல்ல ஒரு பதவி இருக்கவில்லை.

குல்கர்ணியின் பேச்சுக்கு உடனடி எதிர்ப்பு தமிழ்நாட்டின் மூத்த ஆட்டக்காரர் தினேஷ் கார்த்திக்கிடமிருந்து வந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் அணியை அரையிறுதிக்குக் கொண்டுவந்த தலைவரைத் தாங்க வேண்டிய பயிற்சியாளர், அவரையும் அணியையும் கைவிட்டுவிட்டார் என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். கணக்கும் கார்த்திக்கின் பக்கமே பேசியது. சாய் கிஷோர் அப்பருவத்தில் 53 விக்கெட்டுகளுடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார்.

இதில் குல்கர்ணிக்கும் இழப்பு உண்டு. முந்தைய அரையிறுதி 2017 ஜனவரியில், ராஜ்கோட்டில், இதே மும்பைக்கு எதிராக நடந்தது. அறிமுக ஆட்டத்தில் பிரித்வி ஷா அடித்த 120 ரன்களில் தமிழ்நாடு வீழ்ந்தது. அதற்குப்பின் எட்டாத இடத்துக்கு அணி மீண்டும் வந்தது குல்கர்ணியின் பயிற்சியில்தான். அச்சாதனையை அவரே தம் இரண்டு நிமிடப் பேச்சால் மறக்கடித்தார். அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் பொறுப்பில் லட்சுமிபதி பாலாஜி இருந்தார். தலைவராகச் சாய் கிஷோரே நீடித்தார். ஒருவர் களத்தில் எடுத்த முடிவு பொறுக்கப்பட்டது. மற்றவர் ஒலிவாங்கி முன் எடுத்த முடிவு பொறுக்கப்படவில்லை என்று இதைப் படிக்க இடமுண்டு. அப்படிப் படித்தால் சங்கம் செய்தது சரியே.

புதிய பயிற்சியாளரின் கீழ், 2025 பிப்ரவரியில், நாக்பூரில் நடந்த காலிறுதியில் விதர்பாவிடம் தமிழ்நாடு 198 ரன்களில் தோற்றது. 1987-88க்குப் பிறகு ரஞ்சிக் கோப்பை சென்னைக்கு வரவில்லை.