வைட்டிலாவும் காகிதம் சுற்றிய குண்டும்

வைட்டிலாவை ஓர் ஊராக நினைப்பவர் மிகச் சிலரே. பேருந்து மாறுமிடம் என்றே அது பலருக்கும் பழக்கம். நம் சங்கக் குடும்பங்களிலும் பலர் மூட்டை முடிச்சுடன் முதன்முதலாகக் கொச்சி மண்ணில் இறங்கியது இங்கேதான். 2011-இல் திறக்கப்பெற்ற பெரிய பேருந்து நிலையம், 2019 செப்டம்பரில் வந்த மெட்ரோ இரயில், 2021 ஜனவரியில் திறந்த மேம்பாலம், 2023 ஏப்ரலில் காக்கநாட்டுக்குப் புறப்பட்ட நீர் மெட்ரோப் படகு என்று, வைட்டிலாவின் அண்மைக்கால வரலாறு முழுவதும் போக்குவரத்தின் வரலாறாகவே இருக்கின்றது. ஆயினும் ஊரின் பெயர் வேறொரு காலத்தைச் சொல்லுகின்றது. வயலின் தலைப்பகுதி என்னும் பொருளில் 'வயல்தலை' என வழங்கியதே வைட்டிலா ஆயிற்று என்பர். தமிழருக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

படகுத்துறையில் நின்று பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும். இவ்வூரைச் சூழ்ந்திருப்பது சாலையன்று, நீர். தேசிய நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் குண்டன்னூரைக் கடந்து கும்பளம் வருகின்றது. இன்று பாலத்தின்மேல் இரண்டு நிமிடத்தில் கடந்து விடுகின்ற இந்த நீர்ப்பரப்புக்காக 1504-ஆம் ஆண்டில் மாதக்கணக்கில் போர் நடந்தது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் பெரும்படை கொச்சிக்குள் நுழைய முயன்றது. கொச்சி மன்னருக்குத் துணையாகத் துவார்த்தே பச்சேக்கோ என்னும் போர்த்துக்கீசியத் தலைவர் ஏறத்தாழ நூற்றைம்பது போர்த்துக்கீசியரையும் கொச்சி வீரர்களையும் வைத்துக்கொண்டு, நீர் வற்றும் வேளையில் நடந்தே கடக்கக்கூடிய துறைகளைக் காத்து நின்றார். அத்துறைகள் இன்றைய கும்பளமும் பள்ளுருத்தியுமே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். படகுப் பீரங்கிகளோடு, வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துத் திரியால் பற்ற வைக்கும் துப்பாக்கிகளும் அப்போரில் முழங்கின.

அன்று தொட்டு மூன்றரை நூற்றாண்டுக் காலம் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிதான். நம் மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அந்த வகை. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, பிறகு சுட வேண்டும். 1808 டிசம்பர் இறுதியில் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனின் படை ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கியபொழுதும் நிலைமை அதுவே. திரி போய்ச் சக்கிமுக்கிக் கல் வந்திருந்தது; குழல் மாறவில்லை.

அந்தத் துப்பாக்கியின் பெருங்குறை, குறி தவறுவது. ஆங்கிலப் படையின் பழைய துப்பாக்கிக்குக் குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். ஓர் அங்குலத்தில் நூற்றில் ஆறு பங்கு இடைவெளி. ஏன் அவ்வாறு விட்டனர்? கருமருந்து எரிந்தபின் குழலுக்குள் கரி படிகின்றது. குண்டு இறுக்கமாக இருப்பின் நாலைந்து வெடிக்குப் பின் உள்ளே இறங்காது. போர்க்களத்தில் விரைவு வேண்டும் என்பதற்காகத் தளர்வான குண்டைக் கொடுத்தனர். தளர்வான குண்டு குழலுக்குள் இங்குமங்கும் மோதிக்கொண்டு வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கமாகப் போகும். நூறு கெஜத்திற்கு அப்பால் நிற்பவர்மீது குண்டு படுவது பெரும்பாலும் தற்செயலே.

குழலின் உட்புறத்தில் திருகுப் புரிகளை வெட்டினால் குண்டு பம்பரம்போல் சுழன்று நேராகச் செல்லும் என்பது நெடுங்காலமாகவே தெரியும். ஆனால் குண்டு புரியைப் பற்றிக்கொள்ள வேண்டுமே! பற்றுமளவுக்கு இறுக்கமான குண்டை வாய்வழியே இறக்குவது எளிதன்று. 1800-இல் வந்த பேக்கர் ரைபிளுக்கு, குண்டை எண்ணெயிட்ட தோல் துண்டில் பொதிந்து இறக்கினர். தொடக்கத்தில் அடித்து இறக்கச் சிறு மரச்சுத்தியலும் கொடுத்தார்கள். வீரன் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கும்போது எதிரி காத்திருப்பானா?

இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஒரு துண்டுக் காகிதம். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளின் உள்விட்டம் 0.577 அங்குலம், பிரிச்செட் குண்டின் விட்டம் 0.568 அங்குலம், எடை 530 குன்றிமணி அன்று, 530 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 34 கிராம். (கிரெய்னைக் குன்றிமணி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, குன்றிமணி அதனினும் கனமானது.) கடலைப் பொட்டலம் போன்ற காகிதக் குழாயில் மருந்தும் குண்டும் தனித்தனியே அடைக்கப்பட்டன. குண்டைச் சுற்றியிருந்த காகிதத்திற்கு மட்டும் கொழுப்பும் தேன்மெழுகும் தடவினர். சிப்பாய் பொட்டலத்தின் நுனியைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு தலைகீழாக நுழைத்து, மிச்சக் காகிதத்தைக் கிழித்தெறிந்து, கோலால் இறக்குவான். குண்டு எளிதாக இறங்கும். வெடித்த கணத்தில், அடிப்புறம் குடைவான ஈயக்குண்டு விரிந்து காகிதத்தோடு புரிகளில் அழுந்தும். காகிதம் இடைவெளியை அடைத்தது. ஈயம் குழலில் உராய்ந்து ஒட்டாமல் தடுத்தது. கொழுப்பு கரியை இளக்கியது. ஒரு காகிதத்தால் மூன்று பணி.

இனி, அதைச் சோதித்த முறைக்கு வருவோம். எனக்கு இவ்வரலாற்றிலே மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு குண்டு நடுப்புள்ளியில் பட்டதென்று எவரும் மகிழ்ந்துவிடவில்லை. ஒரு வெடி எதையும் மெய்ப்பிக்காது. ரைபிளைத் தாங்கியில் கிடத்தி, ஒரே தொலைவில் பல வெடிகள் சுட்டு, பட்ட இடங்கள் அனைத்திற்கும் பொதுவான நடுவிடத்தைக் கணித்து, அதிலிருந்து ஒவ்வொரு குண்டும் விலகிய தொலைவை அளந்து, சராசரி கண்டனர். இரண்டு குண்டுவகைகளை ஒப்பிடுவதாயின் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காகிதத்தின் தடிப்பை மாற்றினால் மருந்தின் எடையை மாற்றலாகாது. இன்றும் பழைய முறையில் சுடும் பொழுதுபோக்கு வீரர்கள் மேலைநாடுகளில் உண்டு. அவர்கள் குறிப்பலகையைப் பார்க்குமுன் தரையைப் பார்க்கின்றார்கள். குழலின் வாய்க்கு முன்னே சிதறிய காகிதத் துணுக்குகள், புரிகளின் வரிசைப்படி நறுக்கிய நாடாக்களாகக் கிடந்தால் காகிதம் தன் கடமையைச் செய்தது. கருகியோ ஓட்டை விழுந்தோ கிடந்தால் ஏதோ தவறு. குண்டோடு ஒட்டிக்கொண்டே போன காகிதமும் கெடுதலே, அது குண்டை வழி தவறச் செய்யும்.

இங்கிலாந்தில் கென்ட் மாநிலத்து ஹைத் என்னும் ஊரில் 1853-இல் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவப்பெற்றது. அங்கே 1857-இல் என்பீல்டையும், ஜோசப் விட்வொர்த் செய்த ரைபிளையும் ஒப்பிட்டுச் சுட்டனர். இரண்டும் வாய்வழிக் கெட்டிப்பவை. என்பீல்டின் புரி 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று. குழலோ 39 அங்குலம். ஆகவே குண்டு வெளிவருமுன் அரைச் சுற்றுதான் சுற்றும். விட்வொர்த்தின் புரி 20 அங்குலத்திற்கே ஒரு சுற்று. 500 கெஜத்தில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்துக்கு 0.37 அடி. 800 கெஜத்தில் என்பீல்டுக்கு நான்கு அடிக்கு மேல், விட்வொர்த்துக்கு ஓர் அடி. நான்கு எண்களில் ஒரு வாதம் முடிந்துவிட்டது.

அதே 1857-இல் நம் நாட்டில் அந்தக் காகிதத்திற்கு வேறொரு சோதனை நடந்தது. அதைச் செய்தவர்கள் வங்கப் படையின் சிப்பாய்கள். டம்டம் தொழிற்சாலைத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்படுகின்றன என்னும் செய்தி ஜனவரி மாதத்தில் பரவியது. பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் காகிதத்தைப் பற்றியே ஐயம் எழுப்பினர். அது பழைய காகிதம்போல் இல்லை, விறைப்பாகப் பளபளக்கின்றது என்றனர். எரித்துப் பார்த்தோம், சீறியது, கொழுப்பு நாற்றம் வந்தது என்றனர். படிப்பறிவற்றவர் பிதற்றல் என்று இதை ஒதுக்கினவர்கள் அன்று உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹைத்தில் செய்ததும் பாரக்பூரில் செய்ததும் சோதனைதான். ஒருவர் காகிதம் குறியைக் காக்கின்றதா என்று கேட்டார். மற்றவர் அது தம் மரபைக் காக்கின்றதா என்று கேட்டார். முதல் கேள்விக்கு விடை அடிக்கணக்கில் கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு, கொழுப்பு எவ்விலங்கினுடையது என்று உறுதியோடு சொல்ல அதிகாரிகளிடம் விடை இருக்கவில்லை. வாங்கும்போதே அதை எவரும் கவனித்திருக்கவில்லை.

நீங்களே மெழுகும் நெய்யும் தடவிக்கொள்ளலாம் என்றார்கள். பல்லால் கடிக்க வேண்டா, கையால் கிழிக்கலாம் என்று பயிற்சியையே மாற்றினார்கள். காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப் படையின் தொண்ணூறு வீரர்களுள் எண்பத்தைவர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவை புதிய தோட்டாக்கள்கூட அல்ல, பழைய வகையே. மே 9-இல் அவர்களுக்கு விலங்கிட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே தலைப்பாகை, இங்கே காகிதம். காரணங்கள் இவை மட்டுமே என்று சொல்வது பிழை. சம்பளம், படி, பறிபோன அரசுகள் என்று பல இருந்தன. ஆயினும் தலையில் வைப்பதையும் வாயில் வைப்பதையும் அவனவன் வீட்டில் கேட்காமல் மாற்றலாகாது என்பதை, வேலூரில் ஒருமுறை கற்றபின்பும் மறந்தார்களே என்பதுதான் வியப்பு.

இந்திய வெயிலும் தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்தது. வெப்பத்தில் கொழுப்பு உருகி வழிந்து, காகிதம் காய்ந்து, குண்டு குழலில் சிக்கியது. குளிர்நாட்டுச் சோதனையில் தெரியாத குறை இது. பின்னர்க் குண்டின் விட்டத்தை 0.550 அங்குலமாகக் குறைத்து, தடவும் பொருளையும் தேன்மெழுகாக மாற்றினர். நெய்யும் மெழுகும் தடவுங்கள் என்று சிப்பாய்க்குச் சொன்ன வழிக்கே இறுதியில் எல்லாரும் வந்து சேர்ந்தனர் எனலாம்; காரணம் மட்டும் வேறு.

காகிதம் சுற்றிய குண்டின் உச்சநாள் 1874 செப்டம்பர் 26. நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்தினர் கையில் ரிக்பி செய்த வாய்வழி ரைபிள்கள். அமெரிக்கர் கையில் பின்புறம் கெட்டிக்கும் புதிய ரைபிள்கள். 934-க்கு 931 என்று அமெரிக்கர் மூன்றே புள்ளியில் வென்றனர். அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட ஒரு குண்டு நடுப்புள்ளியில் பாய்ந்தது, ஆனால் அடுத்தவருடைய பலகையில்! அதற்குரிய நான்கு புள்ளிகள் கிடைத்திருந்தால் பழைய துப்பாக்கி வென்றிருக்கும்.

அதன்பின் உலோகத் தோட்டாவின் காலம். 1871-இல் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றி ரைபிளின் குண்டுக்கும் காகிதம் சுற்றியே இருந்தது. ஆனால் அது பித்தளைக்குள் மறைந்திருந்ததால் எவரும் அதைக் கடிக்கவோ தொடவோ வேண்டியிருக்கவில்லை.

விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் வைட்டிலாவிலிருந்து மெட்ரோவில் திருப்பூணித்துறை முனையம் வரை செல்லலாம். 2024 மார்ச்சு முதல் இவ்வழி திறந்திருக்கின்றது. அங்கிருந்து ஆட்டோவில் மலை அரண்மனை. கொச்சி அரசர்கள் 1865-இல் கட்டிய இம்மாளிகை இப்போது அரசு அருங்காட்சியகம். 54 ஏக்கரில் 49 கட்டடங்கள் உள்ளன. பழைய ஆயுதங்களும் காட்சிக்கு இருக்கின்றன. திங்கட்கிழமை மூடியிருக்கும். கும்பளத்து நீர்த்துறையைப் பார்க்க விரும்புவோர் ஆரூர் செல்லும் பேருந்தில் ஏறிப் பாலத்தருகே இறங்கிக்கொள்ளலாம். நீர் வற்றும் நேரத்தைக் கரையிலுள்ள மீனவரைக் கேட்டால் சொல்லுவார்கள்.