உங்க மொறை எப்போ?

எங்கள் ராயபுரம் ஃப்ளாட்டில் வீடு ஆறு, கார் பார்க்கிங் நாலு. இந்தக் கணக்கைத் தீர்க்க இதுவரை ஆறு மீட்டிங் போட்டாகிவிட்டது. பி.காம் படித்தவன் என்பதால் என்னை செக்ரட்டரி ஆக்கினார்கள். முதலில் குடிவந்தவன் என்ற ஒரே தகுதியில் வேப்பமர நிழல் இடம் என்னுடையது. அதனாலேயே எனக்கு இந்தப் பிரச்னை பெரிதாகத் தெரிந்ததில்லை!

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆறாவது மீட்டிங்குக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் பையனோடு பழவேற்காடு கிளம்பினேன். எட்டாவது படிக்கிறான். பூநாரை பார்க்கணுமாம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். எண்ணூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் புகைபோக்கிகள். அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து மேடான கழிமுகம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. “இங்க மீன் இருக்காப்பா?” என்றான். “இருந்துச்சுடா” என்றேன்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி, பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. நம் பக்கம் தெற்கு முனையும் முகத்துவாரமும். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டோடு பையன் செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

பூநாரை, தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தது. கிட்டே போகலாம் என்று, கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போனேன்.

“அண்ணே, படகுல ஒரு ரவுண்டு போலாமா? காசு பாத்துக் குடுக்கறேன்.”

“அதெல்லாம் ஏத்தறதில்ல சார்” என்றார், தலை நிமிராமல். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பேச்சை மாற்ற, “இன்னிக்கு நீங்க தொழிலுக்குப் போகலியா?” என்றேன்.

“மொறை இல்ல சார். நாளிக்குத்தான் எங்க குப்பத்துக்கு.”

அப்படித்தான் ‘பாடு’ பற்றித் தெரிந்துகொண்டேன். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறால் முகத்துவாரம் பக்கம் வரும். அந்த ஓட்டத்தில் கழி நட்டு வலை கட்டினால் நல்ல வருமானம். நல்ல இடம் கொஞ்சம்தான், ஆள் நிறைய. அதனால் குப்பங்களுக்குள் நாள் முறை. முறை வந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டு. இன்று நல்ல இடம் கிடைத்தவர், அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போகவேண்டி வரலாம். இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இதே மாதிரி சீட்டுப் போட்டுத்தான் இறால் பிடிக்கிறார்கள்.

எனக்கு நகரத்துப் புத்தி. “ராத்திரில போய் வலை கட்டினா யாருக்குண்ணே தெரியும்?” என்றேன்.

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “நாளிக்கு என் மொறையில அவன் வந்து கட்னா?”

அவ்வளவுதான். போலீஸ் இல்லை, சிசிடிவி இல்லை.

பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டித் தீர்த்துவிடுவார்கள் என்று 1968-ல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அப்படி இல்லை, ஜனங்கள் தாங்களே விதி போட்டுக்கொண்டு காப்பாற்றுவதும் உண்டு என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். இதெல்லாம் தெரியாமலே பெரியவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

நான் சிலாகித்து முடிப்பதற்குள் பையன் ஒரு கேள்வி கேட்டான். முட்டளவுத் தண்ணீரில் இரண்டு பெண்கள் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை. கையில் அகப்பட்ட இறாலை, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்த ஓலைப் பறிக்குள் போட்டார்கள்.

“தாத்தா, அவங்க மொறை எப்போ?”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவங்க இருளருங்க கண்ணு. பாடு எங்க ஆளுங்களுக்குத்தான். அந்தக் காலத்திலேர்ந்து அப்பிடியே வந்துடுச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. பெரியவர் மேல் கோபமில்லை. ‘முதலில் வந்தவன்’ என்று நிழலில் காரை நிறுத்தியிருப்பவனுக்கு அவரைக் கேட்க என்ன யோக்கியதை? எவ்வளவு நியாயமான சீட்டிலும் யார் பெயரை எழுதுவது என்று யாரோ சிலர்தான் முடிவு செய்கிறார்கள். விட்டுப்போன பெயர்கள் குலுக்கலுக்கே வருவதில்லை.

ராத்திரி வீடு திரும்பியபோது, வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே தெருவில் நிறுத்தியிருந்த தன் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக வெயிலிலும் மழையிலும் அங்கேதான் நிற்கிறது.

வருகிற ஞாயிறு ஏழாவது மீட்டிங். சீட்டு எழுதிக் குலுக்கலாம், மாதா மாதம் முறை மாற்றலாம் என்று சொல்லப் போகிறேன். சீட்டை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

மொத்தம் ஏழு.