பல்லச்சு

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் நாட்டு மூதுரை. இளமையில் இதனை யாம் பன்முறை கேட்டதுண்டு; ஒருமுறையேனும் இதன் பொருளை ஆராய்ந்ததில்லை. வாயிற் பற்கள் குறைவற நிற்குங்கால் அவற்றை நினைப்பார் யார்? எம் தந்தையாரது வாயினின்றும் கடைசிப் பல்லும் நீங்கிய பின்னரே அம்மூதுரை எம் வீட்டுக்குள் வந்து அமர்ந்தது. அதனால் யாம் கற்றனவற்றையும், யாம் இழைத்த பிழை ஒன்றையும், இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்க்கும் எம்போலும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தாமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

எம் தந்தையார் திண்டிவனத்துப் பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழாசிரியராய் இருந்தவர். ஓய்வு பெற்ற பின்னரும் மாலைதோறும் திண்ணையிற் பாய் விரித்து, தெருச் சிறுவரை அமர்த்திப் பாடஞ் சொல்லி வந்தார். எழுத்துக்களின் பிறப்பே அவர் விரும்பி நடத்தும் பாடம். நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல்லுங் கீழுதடும் கூட வகரம் பிறக்கும். தொல்காப்பியனார் கண்ணாடியின் முன் நின்று எழுதினாரோ என வியந்து வியந்து இதனைக் கூறுவார். அவ்வகரமே அவருக்குப் பகையாயிற்று. பற்களற்ற வாயில் 'வாழ்வு' என்னும் சொல் வெறுங் காற்றாய் வெளிவந்தது. அதுகேட்டு ஒருநாள் ஒரு சிறுவன் சிரித்துவிட்டான். தந்தையார் அவனைக் கடிந்தாரல்லர். மறுநாள் பாய் விரிக்கப்படவில்லை, அவ்வளவே.

கட்டுப்பல் வைப்பதென முடிவு செய்து அவ்வூரிலேயே ஒரு பல் வைத்தியரிடம் அவரை அழைத்துச் சென்றோம். மக்கள் 'அளவெடுத்தல்' என்று வழங்கும் அச்செடுப்பு அங்கு நிகழ்ந்தது. ரப்பர்க் கிண்ணமொன்றில் இளஞ்சிவப்பான ஆல்ஜினேட்டுப் பொடியை இட்டு, நீர் விட்டு, அகன்ற கரண்டியாற் கிண்ணத்தின் பக்கத்தில் அழுத்தியழுத்திக் குழைத்தனர். தயிர் போன்ற அக்குழம்பைக் குதிரை லாட வடிவான தட்டில் நிரப்பி வாயில் வைத்து, சில நிமிடம் அசையாது பிடித்திருந்து, இழுத்து எடுத்தனர். ஈற்றின் மேடும் பள்ளமும் அதன்கண் தலைகீழாய்ப் பதிந்திருந்தன. பற்களைச் செய்யும் ஆய்வுக்கூடம் விழுப்புரத்தில் இருந்தது. அங்குக் கொண்டு செல்லும் பணியாளர் அன்று வராமையால் அப்பொறுப்பை யாமே ஏற்றோம். ஈரத்துணியிற் சுற்றி எம் கையிற் கொடுத்து, "துணி உலரக் கூடாது, எங்கும் தங்காமல் நேரே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்" என்று இருமுறை சொன்னார்கள்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரயிலில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்தால் விழுப்புரஞ் சந்திப்பு. விக்கிரவாண்டியில் எம் பழைய நண்பர் ஒருவர் உளர். 'ஒரு கணம் பார்த்து வருவோம்' என்று இறங்கினோம். ஒரு கணம் உணவாயிற்று, உணவு பேச்சாயிற்று, பேச்சு இரவாயிற்று. அச்சு அவர் வீட்டு ஆணியில் எம் பையோடு தொங்கிற்று. மறுநாட் காலை துணி சருகென உலர்ந்திருந்தது. கிணற்றடியில் அதனை மீண்டும் நனைத்து, ஒன்றும் நடவாதது போல ஆய்வுக்கூடத்திற் சேர்ப்பித்தோம். அவர்கள் வினவவில்லை, யாமும் உரைக்கவில்லை.

கட்டுப்பல் வந்தது. காண அழகிதாயினும் வாயிற் பொருந்தவில்லை. மேற்றட்டு பேசுகையிற் கழன்று வீழ்ந்தது. கீழ்த்தட்டு ஈற்றை உரசிப் புண்ணாக்கிற்று. தந்தையார் இரண்டு திங்கள் அதனோடு போராடினார். "பழகவேண்டியது நான்தான், பல்லில் குறையில்லை" என்று சொல்லிக் கஞ்சியும் குழைந்த சோறுமாக உண்டு வந்தார். உண்மையை அறிந்த யாம் எதிரே அமர்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தோம்.

பின்னர் விழுப்புரத்திலுள்ள வேறொரு பல் மருத்துவரிடம் சென்றோம். அவர் நடுத்தர வயதினரான அம்மையார். பழைய தட்டை விரலால் தடவிப் பார்த்து, "ஐயா, அச்செடுத்த எவ்வளவு நேரத்தில் சாந்து வார்த்தார்கள்?" என்று வினவினார். தந்தையார் எம்மை நோக்கினார். எம் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பற்கள் முப்பத்திரண்டும் இருந்தும் சொல் போன நேரம் அது. எனினும், அவர் வாயிற் கண்ட புண் எம்மைப் பேசச் செய்தது. விக்கிரவாண்டியில் இறங்கியதையும், இரவு தங்கியதையும், துணியை நனைத்து மறைத்ததையும் முழுதும் சொன்னோம். பாடம் ஒப்புவித்த மாணவனிடம் கூறுமாறு போலத் தந்தையார், "சரி, உட்கார்" என்றார். வேறொன்றும் கூறிலர்.

அவ்வம்மையார் எம்மைக் கடியாமல் காரணத்தை விளக்கினார். ஆல்ஜினேட்டு என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. 1880களில் பிரித்தானிய இரசாயனர் ஸ்டான்போர்டு இப்பசையைப் பிரித்துக் காட்டினார். நம் மன்னார் வளைகுடாவில், மண்டபத்தை அடுத்த கடலிலும், இதற்குரிய சர்காசம், டர்பினேரியா என்னும் பாசிகள் வளர்கின்றன. இராமநாதபுரக் கடற்கரைப் பெண்டிர் மூழ்கிப் பாசி சேகரிப்பதும் நாடறிந்தது. பல்லச்சுப் பொடியில் இப்பாசியுப்போடு ஜிப்சமும் கலந்துள்ளது. நீர் பட்டதும் ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்துப் பாசியுப்போடு கூடிக் களியாக இறுகுகின்றது. உடனே இறுகிவிடாமற் காக்கப் பாஸ்பேட்டு உப்புச் சிறிது சேர்ப்பர். இறுகிய களியின் பெரும்பகுதி நீரே. காற்றுப் பட்டால் அந்நீர் வெளியேறி அச்சுச் சுருங்கும்; நீரில் ஊறினால் உறிஞ்சி வீங்கும். யாம் முதலிற் சுருக்கிப் பின் வீங்கவும் வைத்தோம்! சில நிமிடங்களுக்குள் சாந்து வார்த்துவிடுதலே இதற்குரிய நெறி.

அச்சுப் பொருள்களின் வரலாறும் அறியத்தக்கது. பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் பல் வைத்தியரான பாப் என்பார், மெழுகால் அச்செடுத்துப் பாரிஸ் சாந்து வார்க்கும் முறையை 1756-இல் எழுதி வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் இடையில் பாரிஸ் சாந்தையே வாய்க்குள் வைத்து அச்செடுத்தனர். கல்லாய் இறுகிய அதனை உடைத்தெடுத்துத் துண்டுகளைப் பொருத்தவேண்டியிருந்தது. 1850களில் இலண்டன் நகரத்துச் சார்லஸ் ஸ்டென்ட் என்பார் வெந்நீரில் இளகும் கூட்டொன்றை ஆக்கினார். இக்காலத்து இருதயக் குழாயில் வைக்கும் 'ஸ்டென்ட்' அவர் பெயரால் வழங்குவதே என்பர். 1925-இல் வியன்னாவின் போலர் அகர் என்னும் பாசிக் களியைப் புகுத்தினார். அகர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தமையால் இரண்டாம் உலகப்போரில் அதன் வரவு தடைப்பட, ஆல்ஜினேட்டு அவ்விடத்தைப் பற்றிற்று. போருக்குப் பின் ரப்பர் போன்ற பொருள்கள் வந்தன. 1970களில் வந்த சிலிகோன் வகையொன்று பல நாட் கடந்தும் உருமாறாது நிற்கும். அதனைக் கொடுத்திருந்தால் எம் விக்கிரவாண்டி விருந்து வெளிப்பட்டிராது. 1980களில் ஸூரிக் நகரில் ஒளியாலே பல்லின் உருவைக் கவரும் கருவியும் தோன்றியது. இப்பொழுது அது பல ஊர்களிலும் வழங்குகின்றது.

இனி, இரண்டாம் அச்சு. முதலில் ஸ்டென்ட் வழிவந்த அச்சுக் கூட்டை வெந்நீரில் இளக்கிப் பிசைந்து, முதல் அச்சொன்று எடுத்து, அவ்விடத்திலேயே சாந்து வார்த்தனர். ஜிப்சத்தைச் சூடேற்றி அதன் நீரில் முக்காற் பங்கை நீக்கினால் கிடைப்பது பாரிஸ் சாந்து. மீண்டும் நீர் பெற்றால் முன்போலக் கல்லாகும். ஆகவே அச்சிலும் ஜிப்சம், வார்ப்பிலும் ஜிப்சம். இதே கனியம் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் களிமண்ணிலும் கிடைக்கின்றது. அவ்வார்ப்பின்மேல் தந்தையாரின் வாய்க்கென்றே தனித்தட்டு ஒன்று செய்தனர். அடுத்த வருகையில் அத்தட்டின் ஓரத்திற் பச்சைநிறக் கூட்டுக்கோலை ஸ்பிரிட்டு விளக்கில் உருக்கியிட்டு, "கன்னத்தை இழுங்கள், உதட்டைக் குவியுங்கள், நாக்கை நீட்டுங்கள்" என்று பணித்தார் அம்மையார். கன்னமும் நாவும் அசையும் எல்லையைத் தட்டின் ஓரம் அறிந்துகொண்டால்தான், பேசும்போது அத்தசைகள் பல்லைத் தள்ளிவிடாவாம். அதன்பின் இரு குழாய்களினின்றும் வெண்பசையும் செம்பசையும் சம நீளம் பிதுக்கிக் குழைத்து, மெல்லிய படலமாய்ப் பூசி இறுதி அச்சு எடுத்தார். ஒன்றில் துத்தநாக ஆக்ஸைடும், மற்றொன்றில் கிராம்புத் தைலத்தின் சத்தும் உள்ளன. அறை முழுதும் கிராம்பு மணம் வீசிற்று. ஈற்றின் மெல்லிய வரைகளும் அதிற் பதிந்திருந்ததைக் கண்டோம். இம்முறை அச்சைச் சுமக்க எம்மை ஒருவரும் கேட்கவில்லை; யாமும் முன்வரவில்லை.

மெழுகிற் பற்களைப் பதித்துப் பார்க்கும் நாள் வந்தது. முன்பற்களின் நிலையை அறிய, "ஆங்கிலத்தில் ஐம்பத்தைந்து என்று சொல்லுங்கள் ஐயா" என்றார் அம்மையார். மேற்பல் கீழுதட்டைத் தொடுகின்றதா என நோக்குதற்கு அச்சொல் கருவியாம். தந்தையார், "அம்மா, அதற்குத் தமிழிலேயே வகரம் இருக்கிறதே" என்று கூறி, 'வா, வாழ்வு, வேர், வைகை' என ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ஒவ்வொரு வகரமும் தன் இடத்திற் பிறந்தது. அம்மையார் நகைத்து, ஒரு பல்லைச் சிறிதே உள்வாங்கி வைத்தார். பின்னர் அம்மெழுகின் இடத்தில் அக்ரிலிக்கு நிரப்பி வேகவைத்துத் தந்தனர்.

விழுப்புர மாவட்டத்துத் திருவக்கரையில் மரங்கள் கல்லாய்க் கிடத்தலை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அவை. மரம் மறைந்து போனபின்னும் அதன் வளையமும் நாரும் மணற்சத்தில் நிலைத்துள்ளன. இயற்கை அவ்வுருவைக் காத்தது அவசரமின்றி. அன்றியும் விருந்துக்கு இறங்காமலும். எம் கையிற் கொடுத்த உருவோ ஓர் இரவு தாங்கவில்லை.

இப்பொழுது திண்ணையில் மீண்டும் பாய் விரிக்கப்படுகின்றது. முன்பு சிரித்த சிறுவனே முதல் வரிசையில் அமர்கின்றான். முறுக்கை மட்டும் தந்தையார் இன்னும் நீரில் நனைத்தே உண்கின்றார். பொருந்தாத பழைய தட்டை எம் மேசையறையில் வைத்திருக்கின்றோம். பிறர் ஒரு பொருளை ஈரத்துணியிற் சுற்றி நம் கையில் நம்பிக் கொடுக்கும்போது அதனுள் ஒரு மனிதரின் சொல்லே இருக்கக்கூடும். நண்பர்காள், இடையில் எந்நிலையத்திலும் இறங்காதிருப்பீராக.