புதுக்கோட்டையில் சைக்கிள் ஏறிய பெண்கள்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வந்தால் பெண்கள் சைக்கிளில் போவதைப் பார்க்கலாம். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனாலென்ன என்று ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள் நம் பெண்கள்! முன் கம்பியில் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம். பஸ்ஸுக்கோ, வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்கிற அவசியம் குறைந்தது.

"எனக்கு உயரம் போதாதே" என்று தயங்கும் சகோதரிகளே, சீட்டுக் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களும் தரையைத் தொடட்டும். போல்ட்டை நன்றாக முடுக்கி, சீட்டை ஆட்டிப் பாருங்கள். பேலன்ஸ் வந்ததும் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்துங்கள். பழகிய பிறகும் சீட்டு தாழ்வாகவே இருந்தால் முழங்கால் வலிக்கும்.