மிச்சமிருந்த நான்கு ஆட்டங்கள்

கிரிக்கெட்டைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்குக் கிடையாது. மட்டையைப் பிடித்தால் முதல் பந்திலேயே 'அவுட்' ஆகிற ரகம் நான். ஆனால் தோற்பதைப் பற்றி எழுதலாம்; அதில் எனக்கு அநுபவம் உண்டு.

2025-ஆம் வருஷத்து ஐ.பி.எல். பந்தயத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் பட்ட பாடு வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து தடவை கோப்பையை வென்ற அணி. சேப்பாக்கம் அதற்குத் தாய் வீடு. அந்தத் தாய் வீட்டிலேயே தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூர் அணி அங்கே ஜயித்தது அந்த வருஷந்தான். கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவரில் எடுத்தது 103 ஓட்டம்! காப்டன் ருதுராஜுக்கு முழங்கை எலும்பில் விரிசல் கண்டது. நாற்பத்துமூன்று வயது தோனி மறுபடி தலைமை ஏற்றார். பலிக்கவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி பஞ்சாபிடம் தோற்றதும் கோப்பைக் கனவு முடிந்தது. இன்னும் நான்கு ஆட்டங்கள் மிச்சம்.

அன்றோடு என் பக்தியும் முடிந்தது. "இனி என்ன இருக்கிறது பார்க்க?" என்று டெலிவிஷனை அணைத்துவிட்டேன்.

ஒரகடத்தில், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையோரம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. மே 7-ஆம் தேதி இரவு அங்கே ஓர் இளைஞன், விழுப்புரத்துப் பக்கத்துப் பையன், ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும்வரை கைப்பேசியைப் பிஸ்கட் ஜாடியின்மேல் சாய்த்து வைத்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, கோப்பைதான் போய்விட்டதே! இனி ஜயித்தால் என்ன, தோற்றால் என்ன?" என்றேன்.

அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் கதையும் அதான் ஸார். இந்த மாசத்தோட டிரெயினிங் முடியுது. வேலை நிரந்தரம் பண்ண மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதுக்காக இன்னிக்கு ராத்திரி போல்ட்டை லூஸா விட்டுட்டு வர முடியுமா? அந்தக் கார்ல யாரோ ஒருத்தர் பெண்டாட்டி பிள்ளையோட போவாரே!"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

என் டீ ஆறிப்போயிருந்தது. முன்பு நான் எழுதிய தொடர்கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு வாசகர் கடிதமே வரவில்லை. சலித்துப்போய், கடைசி நான்கு அத்தியாயங்களை ஒரே ராத்திரியில் எழுதித் தள்ளி, கதாநாயகியை ரயிலேற்றி அனுப்பிவிட்டு 'முற்றும்' போட்டேன். கடிதம் எழுதாமலே அதைப் படித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரை நான் அன்று நினைக்கவேயில்லை.

மே 25-ஆம் தேதி ஆமதாபாத்தில் கடைசி ஆட்டம். முழுவதையும் பார்த்தேன். சென்னை 230 ஓட்டம் குவித்து, குஜராத்தை 83 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. பதினான்கு ஆட்டங்களில் அது நான்காவது வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம் என்பது அதனால் மாறிவிடவில்லை. அணியின் சரித்திரத்திலேயே கடைசி இடம் அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பையனைக் கடையில் காணவில்லை. புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் அந்தச் சாலையில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவன் முறுக்கிய போல்ட்டு எந்தக் காரில் இருக்கிறதோ, யார் கண்டார்கள்? கழலாது என்பது மட்டும் நிச்சயம்.